கொட்டகைப் பெயிண்டின் குறைகள்: எதைத் தேய்க்கலாம், எதைச் சுரண்ட வேண்டும்

அனந்தபுரத்திலும் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கார் வாங்குகிறவர்களில் பலர் வாங்குவது கைமாறி வந்த வண்டியைத்தான். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடி, கூரையில் மினுமினுப்பு உரிந்து, கதவின் அடிவிளிம்பில் துரு பூத்த வண்டி. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அதன்பிறகு தகுதிச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்போ, வீட்டில் ஒரு கல்யாணம் வரும்போதோ, ‘முழு பாடி பெயிண்ட் அடிச்சிடலாம்’ என்ற முடிவு வருகிறது. கம்பெனி சர்வீஸில் விலை கேட்டால் வண்டி வாங்கிய காசில் பெரும்பங்கு அதற்கே போய்விடும்போல இருக்கும். எனவே வண்டி டிங்கர் பட்டறைக்குப் போகிறது. மேலே தகரக் கூரை, மூன்று பக்கம் தார்ப்பாய், ஒரு கம்ப்ரசர், ஒரு ஸ்ப்ரே கன், இரண்டு ஆள்.

வண்டி திரும்பி வரும்போது பத்தடி தூரத்திலிருந்து புதுசாகத்தான் தெரியும். கிட்டே போனால் தூசிப் பரு, வழிசல், சொரசொரப்பு, பக்கத்துக் கதவோடு ஒட்டாத நிறம். இரண்டு மழை கழிந்தால் கொப்புளம். இவை எல்லாவற்றையும் ‘மட்டமான பெயிண்ட்’ என்ற ஒரே குற்றச்சாட்டில் அடக்கிவிடுவது நம் வழக்கம். அது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். மலிவுப் பெயிண்டின் குறைகளில் பாதி மேல்தோலில் இருப்பவை. பொறுமையும் நல்ல வாட்டர் பேப்பரும் உள்ள எவரும் அவற்றைச் சரிசெய்யலாம். மீதிப் பாதி அடியில், டென்ட்டை நிரப்பிய பட்டியிலும் துருவிலும் இருக்கிறது. அதன்மேல் எத்தனை முறை பாலிஷ் போட்டாலும் பணம் வீண். இரண்டையும் பிரித்தறியாமல் செலவு செய்வதால்தான் வண்டிக்காரரும் பட்டறைக்காரரும் மனக்கசப்போடு பிரிகிறார்கள்.

ஆலையில் நடப்பது, கொட்டகையில் நடக்காதது

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஓடும் ஹூண்டாய் ஆலையையோ, 2010-இல் ஒரகடத்தில் தொடங்கிய ரெனோ–நிசான் ஆலையையோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெறும் இரும்புக்கூடாக இருக்கும்போதே வண்டியை பாஸ்பேட் கரைசலில் கழுவி, முழு உடலையும் பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒவ்வொரு இடுக்கிலும் பூச்சு பிடிக்க வைக்கிறார்கள். பிறகு ஏறத்தாழ 160 முதல் 180 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். அதற்கு மேல் நிறம், நிறத்துக்கு மேல் கிளியர் கோட், மறுபடி அடுப்பு. இத்தனை அடுக்கும் சேர்ந்து மொத்தத் தடிமன் 100 முதல் 140 மைக்ரான்தான். ஒரு தலைமயிரின் தடிமனைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு.

ஓடிக்கொண்டிருக்கும் காரை அந்த வெப்பத்தில் சுட முடியாது. வயர், ரப்பர், பிளாஸ்டிக், டேங்கில் பெட்ரோல் எல்லாம் உள்ளே இருக்கிறது. பெரிய சர்வீஸ் சென்டரின் மூடிய அறையிலும் பொதுவாக 60 டிகிரி வாக்கில்தான் ஏற்றுகிறார்கள். கொட்டகையில் அதுவும் இல்லை. அங்கே பெயிண்டை இறுக வைப்பது வெயில், காற்று, ஹார்டனர் ஆகிய மூன்றுதான். ஆகவே ஆலைப் பூச்சோடு கொட்டகைப் பூச்சை ஒப்பிட்டு ஏமாறுவதில் பொருளில்லை. கொட்டகையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்தது எது, அது ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பதே பயன்தரும் கேள்வி.

அதற்கு முதலில் பெயிண்டின் வகை தெரிய வேண்டும். அமெரிக்காவில் 1923-இல் டூபாண்ட் நிறுவனம் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டைக் கொண்டுவந்தது. அதுவரை ஒரு காருக்கு வார்னிஷ் பூசி உலர்த்தி முடிக்க வாரக்கணக்கில் ஆனது. டூகோ அதை நாள்கணக்காக்கியது. நம் பட்டறைப் பலகைகளில் ‘டூகோ பெயிண்டிங்’ என்று இன்றும் எழுதியிருப்பது அந்த வரலாற்றின் மிச்சம். என்சி பெயிண்ட் என்று பட்டறையில் சொல்வது அந்த வகையைத்தான். தின்னர் பறந்ததும் அது உலர்ந்துவிடும். விலை குறைவு. ஆனால் மீண்டும் தின்னர் பட்டால் கரையும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் வேறு மாதிரி. ஹார்டனரோடு வேதிவினை புரிந்து இறுகுவதால் அது மறுபடி கரையாது.

எனவே குறையைச் சரிசெய்யத் தொடங்கும் முன் உங்கள் வண்டிமேல் இருப்பது எது என்று பாருங்கள். கதவு விளிம்பின் உள்பக்கம் போன்ற மறைவான இடத்தில் தின்னர் நனைத்த துணியை லேசாகத் தேயுங்கள். நன்றாக உலர்ந்த பிறகும் நிறம் பிசுபிசுத்துத் துணியில் வந்தால் அது என்சி. வராவிட்டால் பியூ. அடுத்து ரப்பிங் காம்பவுண்ட் தொட்டுத் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் வந்தால் மேலே கிளியர் கோட் கிடையாது. வெள்ளையாக மட்டும் வந்தால் இருக்கிறது. வெள்ளைக் காரில் இந்த இரண்டாம் சோதனை தெளிவாகத் தெரியாது. பட்டறைக்காரரிடமே கேட்டுவிடுவது நல்லது.

மேல்தோல் குறைகள்

தூசிப் பருவைக் கண்டு யாரும் கலங்க வேண்டாம். திறந்த கொட்டகையில் தூசி விழாமல் பெயிண்ட் அடித்தவர் எவரும் இல்லை. தரையில் தண்ணீர் தெளித்தும், காலையில் காற்று எழும் முன் அடித்தும் குறைக்கலாம், அவ்வளவுதான். வழிசலும் அப்படியே. கன்னைப் பலகத்துக்கு மிக அருகே பிடிப்பதாலோ, தின்னர் அதிகமானதாலோ, முதல் கோட் இறுகும் முன் அடுத்ததை ஏற்றியதாலோ அது வருகிறது. ஆரஞ்சுத் தோல் எனப்படும் சொரசொரப்பு இதற்கு நேர் எதிரான காரணங்களால் வருவது. பெயிண்ட் கெட்டியாக இருந்தால், காற்றழுத்தம் போதாவிட்டால், கன் தள்ளியிருந்தால், துளிகள் பரவிச் சமமாகும் முன்பே காய்ந்துவிடும். சித்திரை வெயிலில் வேகமாகப் பறக்கும் தின்னரைப் போட்டால் இது நிச்சயம் நடக்கும்.

மூன்றுக்கும் மருந்து ஒன்றே: இறுகும்வரை காத்திருந்து, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, காம்பவுண்டால் மினுக்குவது. இதில் அவசரம்தான் எதிரி. ஹார்டனர் கலந்த பெயிண்ட் ஒரே இரவில் கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே இறுக இன்னும் நாளாகும். மூடிய அறையில் சூடு கொடுக்காத கொட்டகை வண்டிக்கு ஒரு வாரமாவது விடுங்கள். என்சி என்றால் இன்னும் கூட விட்டாலும் நல்லது.

வழிசலை விரலால் அழுத்தித் தேய்க்கக் கூடாது. விரல் பள்ளத்தோடு சேர்ந்து போய் மேட்டை விட்டுவிடும். சிறிய கட்டையில் 1000 நம்பர் பேப்பரைச் சுற்றி, வழிசலின் மேடு மட்டும் படும்படி தேயுங்கள். மேடு தரைமட்டத்துக்கு வந்ததும் 1500, பிறகு 2000. தூசிப் பருவுக்கு 2000 போதும். ஆரஞ்சுத் தோலுக்கு 1500-இல் தொடங்கி 2000, கிடைத்தால் 3000. பக்கெட் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் பேப்பர் அடைக்காது. சிலமுறை தேய்த்ததும் துடைத்துவிட்டுப் பாருங்கள். தேய்ந்த இடம் மங்கலாகவும், இன்னும் தொடாத பள்ளம் பளபளப்பாகவும் தெரியும். பளபளக்கும் புள்ளிகள் எல்லாம் மறையும்வரை தேய்த்தே தீர வேண்டும் என்று நினைப்பதுதான் ஆபத்து. நல்ல கிளியர் கோட்டே 40, 50 மைக்ரான்தான். மலிவு வேலையில் அதுவும் இருக்குமா என்பது சந்தேகம். நான் சொல்வது: சொரசொரப்பில் முக்கால் பங்கு போனால் நிறுத்திவிடுங்கள். மீதமுள்ள கால்பங்கை உங்களைத் தவிர வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. நிறம் வெளியே வந்துவிட்டாலோ அந்தக் கதவு முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும்.

பானட்டின் மடிப்பு, கதவின் விளிம்பு, வீல் ஆர்ச்சின் வளைவு ஆகிய இடங்களில் பெயிண்ட் எப்போதும் மெலிந்தே இருக்கும். தேய்க்கும் முன் அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பஃபிங் மெஷின் பழக்கமில்லாதவர்கள் இந்த விளிம்புகளில்தான் பிரைமர்வரை எரித்துவிடுகிறார்கள். மெட்டாலிக் நிறமாக இருந்து, மேலே கிளியர் இல்லையென்றால் தேய்க்கவே கூடாது. அலுமினியத் துகள் கலைந்து அந்த இடம் தனி நிறமாக நிற்கும்.

மங்கலைப் பற்றி ஒரு வார்த்தை. எடுத்துவந்த நாளில் கண்ணாடிபோல் இருந்து, இரண்டு மூன்று வாரத்தில் மினுமினுப்பு இறங்கும் வண்டிகள் உண்டு. விலை குறைந்த தின்னரும், மிச்சம் பிடித்த ஹார்டனரும், ஒரே மூச்சில் ஏற்றிய கனத்த கோட்டுமே காரணம். காம்பவுண்ட் போட்டால் மினுமினுப்பு திரும்பும். ஆனால் புதுப் பெயிண்ட் மேல் ஒரு மாதத்துக்கு மெழுகுப் பாலிஷ் பூசாதீர்கள். அடியில் மிச்சமிருக்கும் தின்னர் வெளியேற வழி வேண்டும்.

மாதமும் வெயிலும்

செஞ்சிப் பக்கத்துக்கு ஏற்ற பெயிண்ட் மாதம் எது என்ற கேள்விக்கு எனக்குத் தெளிவான பதில் உண்டு: தை பிற்பாதி முதல் பங்குனி முற்பாதி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். வெயில் ஏறியிருக்காது. அறுவடைத் தூசி மட்டும்தான் தொல்லை. களத்துக்குப் பக்கத்திலோ, நெல் இயந்திரம் ஓடும் வயலோரத்திலோ கொட்டகை இருந்தால் அறுவடை முடியும்வரை தள்ளிப் போடுங்கள்.

சித்திரை, வைகாசியில் இந்தப் பாறை நாட்டின் வெப்பம் வேறு மாதிரி. செஞ்சியின் ராஜகிரிக் கோட்டைக் கல் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவிலும் விடும். வெளியே நிற்கும் காரின் கூரைத்தகடு கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதில் பெயிண்ட் விழுந்தால் மேல்பரப்பு உடனே தோல் கட்டிக்கொள்ளும். அடியில் சிக்கிய தின்னர் பிறகு பொத்துக்கொண்டு வெளியே வரும். அதுதான் குண்டூசி குத்தினாற்போல் நூற்றுக்கணக்கில் தெரியும் ஊசித்துளை. தேய்த்தால் துளை மறையாது, இன்னும் வாய் பிளக்கும். அந்தப் பூச்சைத் துளையின் அடிவரை தேய்த்தெடுத்து மறுபடி அடிப்பதே வழி. மெதுவாகப் பறக்கும் தின்னர், மெல்லிய கோட், கோட்டுக்குக் கோட் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி ஆகிய மூன்றும் இருந்தால் இது வராது. ஆடிக் காற்றில் திறந்த கொட்டகையில் முழு பாடி அடிக்கவே ஒப்புக்கொள்ளாத பெயிண்டரை நம்பலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் எதிர்ப்பக்கத் தொல்லை. தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர் படிந்து பெயிண்டோடு கலந்துவிடும். என்சி பெயிண்ட் பால் தெளித்ததுபோல் வெளிறிப்போவது இதனால்தான். சற்றே வெளிறியிருந்தால் மெதுவாகப் பறக்கும் தின்னரை மட்டும் மென்மையாக ஒருமுறை தெளித்தால் என்சி மீண்டும் கரைந்து தெளியும். பியூவில் இந்த வசதி இல்லை. கம்ப்ரசர் தொட்டியில் சேரும் தண்ணீரும் இந்த மாதங்களில் அதிகம். அதை நாள்தோறும் வடிக்காத பட்டறையில் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வந்து, பெயிண்ட் வட்ட வட்டமாக விலகி மீன்கண் போடும். மீன்கண்ணுக்கு இன்னொரு காரணம் நாமே கொடுப்பது. டேஷ்போர்டுக்கும் டயருக்கும் அடிக்கும் சிலிகான் பாலிஷ் தகட்டில் துளி இருந்தாலும் பெயிண்ட் அங்கே ஒட்டாது. வண்டியைப் பட்டறைக்கு விடுவதற்குச் சில வாரம் முன்பே அந்த ஸ்ப்ரேக்களை நிறுத்திவிடுங்கள்.

பட்டிக்கு அடியில்

இனி வருவதுதான் கனமான பகுதி. கொட்டகை வேலையின் மானத்தை வாங்குவது கொப்புளம். அது வண்டியை எடுத்துவந்த நாளில் இருக்காது. முதல் மழைக்காலத்தில் கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு பயறு அளவுக்கு எழும்பும். பிறகு பரவும். இதற்கு இரண்டு வேர்கள்.

முதலாவது, பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது. டென்ட்டை நிரப்பும் ஹார்டனர் பட்டியில் பாதிக்குமேல் கல்பொடி போன்ற நிரப்புப் பொருள்தான். அது ஈரத்தை உறிஞ்சும். நம் பட்டறைகளில் தலைமுறையாகப் பட்டியைத் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கிறார்கள். தூசி பறக்காது, பேப்பர் அடைக்காது, வேலை சீக்கிரம் முடியும். தேய்த்தபின் அரைநாள் வெயிலில் நிறுத்தி, மேலே உலர்ந்ததும் பிரைமர் ஏற்றிவிடுவார்கள். உள்ளே தங்கிய ஈரம் பெயிண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே அடைபட்டு, ஒரு பக்கம் துருவையும் இன்னொரு பக்கம் கொப்புளத்தையும் உண்டாக்குகிறது. பட்டியை உலர்வாகத் தேய்த்து, பிரைமருக்குப் பிறகு மட்டும் தண்ணீரைத் தொட்டால் இந்தக் குறையில் பெரும்பகுதி ஒழிந்துவிடும். இதற்குப் புதுக் கருவியோ விலை கூடிய பொருளோ தேவையில்லை. கொஞ்சம் கூடுதல் பேப்பரும் நேரமும் போதும். ஆயினும் ‘உலர்வாகத் தேய்த்தால் ஒரு நாள் கூடும்’ என்று பட்டறைக்காரர் சொன்னால், அந்த ஒரு நாள் கூலியைத் தர நம்மில் எத்தனை பேர் ஒப்புக்கொள்கிறோம்?

இரண்டாவது வேர், பழைய துரு. புதுச்சேரி, மரக்காணம், சென்னைக் கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டிகள் செஞ்சிச் சந்தைக்கு வருவது உண்டு. கதவின் அடியில் மழைநீர் வடிய விடப்பட்ட துளைகள் மண்ணால் அடைத்துக்கொள்ள, உப்புக் கலந்த நீர் உள்ளேயே நின்று தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளியே தெரியும்போது துரு முக்கால் வழி வந்துவிட்டிருக்கும். அதைச் சுரண்டி, பட்டி வைத்து, நிறம் அடித்தால் நீங்கள் பார்ப்பது ஆறுமாத மூடி. சரியான வழி, துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுத்து, ஓட்டை விழுந்திருந்தால் தகடு வெட்டிப் பற்றவைத்து, எபாக்சி பிரைமர் அடித்து, கதவின் உள்பக்கத்துக்கும் மெழுகு கலந்த துருத்தடுப்பு ஊற்றி, அடைத்த துளைகளைக் கம்பியால் திறந்துவிடுவது. இந்தக் கடைசி வேலைக்குக் காசே ஆகாது. இன்றைக்கே நீங்கள் செய்யலாம்.

பட்டி எங்கே எவ்வளவு இருக்கிறது என்று அறிய ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துங்கள். இரும்புத்தகட்டில் பிடிமானம் தளரும் இடத்தில் பட்டி கனத்திருக்கிறது. டென்ட்டைத் தட்டி நிமிர்த்தாமல் விரல்கனத்துக்குப் பட்டியால் நிரப்பியிருந்தால், ஒருநாள் அது வெடிக்கும். பாலிஷ் போட்டாலும் போடாவிட்டாலும் வெடிக்கும். பட்டியில் ஹார்டனர் மிகுந்தால் மாதங்கள் கழித்து மஞ்சள் கறை மேலே ஊறும். பட்டியின் விளிம்பு வட்டமாகப் பெயிண்டில் தெரிவதும், 80 நம்பர் பேப்பரின் கீறல்கள் நாளாக நாளாக வெளிவருவதும் அடியிலிருந்து வருபவைதான். தின்னர் முழுதும் வெளியேறி பெயிண்ட் சுருங்கும்போது அடியில் உள்ள ஒவ்வொரு கீறலையும் அது காட்டிக்கொடுக்கிறது. கிளியர் கோட் தோலாக உரிவதும் இந்த வகையே. இவற்றுக்கெல்லாம் அந்தப் பலகத்தை அடிவரை சுரண்டி மறுபடி அடிப்பதைத் தவிர வேறு பரிகாரம் கிடையாது.

நிறம்

ஒரு கதவு மட்டும் அடித்த வெள்ளிநிறக் கார் காலையில் பொருந்தியும் மாலையில் வேறாகவும் தெரியும். மெட்டாலிக்கில் அலுமினியத் துகள் படுத்திருக்கும் விதமே நிறத்தைத் தீர்மானிக்கிறது. ஈரமாக அடித்தால் நிறம் கருக்கும், உலர்வாக அடித்தால் வெளுக்கும். ஒரே டப்பாவில் இரண்டு கை இரண்டு நிறம் கொடுக்கும். ஆகவே வண்டியின் தகட்டில் அச்சிட்டிருக்கும் பெயிண்ட் எண்ணைக் கொடுத்துக் கலந்தாலும் போதாது. பக்கத்துப் பலகத்துக்குள்ளும் நிறத்தை மெதுவாகக் கரைத்து, கிளியரை முழுப் பலகத்துக்கும் அடிக்க வேண்டும். பட்டறைக்கு இது கூடுதல் பலகத்தின் வேலை. அதற்குப் பணம் கொடுக்க மனமில்லையென்றால் நிற வேறுபாட்டை ஏற்றுக்கொள்வதே நேர்மை. முழு வண்டிக்கும் புது நிறம் என்றால் ஆர்சியில் நிறம் பதிவாகியிருப்பதை மறக்காதீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றிப் பதிய வேண்டும்.

கண்ணாடியிலும் விளக்கிலும் படிந்த பெயிண்ட் தூசியைக் கார் சுத்தம் செய்ய விற்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) எடுக்கலாம். விளக்கின் பிளாஸ்டிக்கில் தின்னர் படவே கூடாது. பம்பரில் உரிந்தால் பிளாஸ்டிக்குக்கான தனி பிரைமர் போடவில்லை என்று பொருள்.

அடிப்பவரின் மூச்சு

பியூ ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. தெளிக்கும்போது அதன் நுண்துளி நுரையீரலுக்குள் போய் ஆஸ்துமாவை உண்டாக்கலாம். ஒருமுறை உடல் அதற்கு எதிர்வினை காட்டத் தொடங்கிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கும். வாசனை வரவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது. கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடியே முறையான பாதுகாப்பு. பழைய மஞ்சள், ஆரஞ்சு நிறப் பெயிண்டைத் தேய்ப்பவர்களுக்கு ஈயமும் சேர்கிறது. ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் அடக்கும் 2016-ஆம் ஆண்டு விதி, வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும் மட்டுமே. வண்டிப் பெயிண்டை அது தொடவில்லை. அதையும் அந்த வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். முழு பாடி பெயிண்டின் விலையைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த முகமூடிதான் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே அடுத்தமுறை வண்டியை விடும்போது பெயிண்டின் பிராண்டைப் பற்றிப் பேரம் பேசாதீர்கள். நாலு கேள்வி கேளுங்கள்: பட்டியை உலர்வாகத் தேய்ப்பீர்களா? துருவை இரும்புவரை எடுப்பீர்களா? ஹார்டனர் அளவாகக் கலப்பீர்களா? அடிக்கிறவருக்கு முகமூடி இருக்கிறதா? நாலுக்கும் ஆம் என்று சொல்லி, அதற்காக இரண்டு நாளும் கொஞ்சம் பணமும் கூடக் கேட்கும் பட்டறைக்காரரிடம் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுங்கள்.